ஒன்பது அங்குலம்

குடிநோய்க்கு நாற்பது நாள் சிகிச்சை முடித்து லிஃப்ட் மெக்கானிக் வீடு திரும்பிய காலையில், மேசைமேல் இருந்த டம்ளர் அவர் கையை நீட்டியதும் ஒன்பது அங்குலம் தள்ளிப் போய் நின்றது. பிறகு நாற்காலி, சீப்பு, ஆணியில் தொங்கிய வாசல் சாவி. ஒன்பது என்று அடித்துச் சொல்லக் காரணம் உண்டு: அவர் மனைவி தையற்காரி, கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அளந்துவிட்டாள். யாராவது எடுத்துக் கொடுத்தால் சாமான்கள் பேசாமல் இருக்கும், அவராக எடுக்கப் போனால்தான் நழுவும். பாவம், அவற்றையும் குறை சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக அவர் தூக்கிக்கொண்டு போன எதுவும் திரும்பி வந்ததில்லை. மிக்ஸி போனது, மகளின் சைக்கிள் போனது.

சிகிச்சை மையத்து டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "இது சுகர், பிரஷர் மாதிரி ஒரு நோய். மாத்திரையும் போடணும், வாராவாரம் வந்து பேசவும் பேசணும். தப்பித் தவறிக் குடிச்சிட்டா மறைக்காதீங்க, அன்னைக்கே சொல்லுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை. ஒத்தாசைக்கென்று வந்து தங்கிய மனைவியின் தம்பி, இன்னொரு தடவை குடித்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நிபந்தனை போட்டான். மனைவியும் சரி என்றாள்.

ஆறு மாதம் அவர் தொடவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் சந்தேகம் வந்து, தெருமுனை மதுக்கடைக்காரரிடமே விசாரித்தாயிற்று. ஆள் அந்தப் பக்கமே வரவில்லை என்று அவர் சத்தியம் செய்தார். ஆனாலும் ஒன்பது அங்குலத்தில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. "மனுஷன் பொய் சொல்லலாம்க்கா. டம்ளர் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று தம்பி ஏற்றிவிட்டான். மனைவி தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். மகள் பென்சில் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு படித்தாள். அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

ஏழாவது மாதம், கூட வேலை பார்த்தவரின் பிரிவு விருந்தில், எப்படியும் யாரும் நம்பப் போவதில்லை என்ற ஆத்திரத்தில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டார். வீட்டு வாசலில் ஊதினார். மனைவிக்கு அன்று பார்த்து ஜலதோஷம், ஒன்றும் தெரியவில்லை. தம்பி டிவியைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. தப்பித்தாயிற்று. சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசை எதிரே அரைமணி நேரம் நின்றவர், மனைவியைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குக் குடிச்சிட்டேன். ரெண்டு கிளாஸ். யாரும் ஊத்திக் குடுக்கல, நானேதான். போகச் சொன்னா போறேன். ஆனா முதல்ல டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போ. பயமா இருக்கு."

தம்பி அவருடைய பெட்டியை எடுக்க எழுந்தான். அப்போது டம்ளர் மேசைமேல் மெதுவாக நகர்ந்து வந்து, தொங்கிக்கொண்டிருந்த அவர் கைவிரலில் இடித்து நின்றது. மனைவி பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்தாள். அளக்க ஒன்றுமில்லை. "பெட்டி இருக்கட்டும், நீயும் வாடா," என்றாள் தம்பியிடம். மூக்கை உறிஞ்சியபடி செருப்பை மாட்டிக்கொண்டாள், மகளையும் கிளம்பச் சொன்னாள்.

அதற்கப்புறம் அவர் ஒரு தரம் சறுக்கினார், அன்றைக்கே சொன்னார். சாமான்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு நாள் மாத்திரை போடாமலே போட்டேன் என்றதற்கு மட்டும் சீப்பு இரண்டு அங்குலம் நகர்ந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. முதன்முதலில் சொன்ன அந்த ராத்திரி மையத்துக்குக் கிளம்பியபோது எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்தவர் அவர். ஆணியிலிருந்து சாவியை எடுத்து வாசலைப் பூட்டியதும் அவர்தான்.