இரண்டு தோளும் திறக்க வேண்டும்

சாப்பாட்டு மேசை போர்க்களமாகிச் சில நாட்கள் ஆகியிருந்தன. அந்த வீட்டின் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். மேசையின் ஒரு முனையில் இஸ்திரிப் பெட்டி நின்றது. அது எதிரி. மறுமுனையில் ஒரு பிடி சட்டைப் பொத்தான்கள். அவை இவர்கள். நடுவே நீளமாகக் கிடந்த இஞ்சு டேப் நெடுஞ்சாலை, அதன் மேல் வரிசையாக நின்ற நூல்கண்டுகள் கூரியர் வண்டிகள்.

"அண்ணி, அவன் இஸ்திரிப் பெட்டி, நாம பொத்தானா? பார்க்கவே நல்லா இல்லையே," என்றார் மாப்பிள்ளை.

"எதிரியைச் சின்னதா வெச்சுப் பார்த்தா நமக்கு நாமே பொய் சொல்லிக்கிறோம்னு அர்த்தம்," என்றார் மேஜர்.

அவர் உண்மையாகவே மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்தில் சரக்குப் பிரிவு. துப்பாக்கியை விடப் போர்வைகளையும் மருந்துப் பெட்டிகளையும் தூக்கி அனுப்பியதுதான் அதிகம். ஓய்வுக்குப் பிறகு தங்கை வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தார். தங்கை எவ்வளவு வளர்ந்தாலும் அந்த வீட்டில் அவள் பெயர் சின்னவள்தான். சின்னவளின் கணவர்தான் மாப்பிள்ளை; மனைவியின் அக்காவான மேஜரை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அவள் தைப்பாள், அவர் மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார். கடை என்று வெளியே பலகை கிடையாது. கடை இருந்தது கைப்பேசிக்குள், ஊர் உலகமெல்லாம் வாங்கி விற்கும் ஒரு பெரிய தளத்தில்.

விற்றது ஒரே பொருள். அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அவருக்குச் சட்டை மாட்டுவது பெரும்பாடாக இருந்தது. கையைத் தூக்கினால் துடித்துப்போவார். சின்னவள் ஒரு நாள் ஒரு பருத்தி அங்கியை எடுத்து இரண்டு தோள்களையும் வெட்டித் திறந்து, வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்தாள். ஆளைத் தூக்காமல், கையை அசைக்காமல், மேலே விரித்து ஒட்டிவிடலாம். அப்பா போன பிறகு அந்த அங்கியைப் படம் பிடித்துத் தளத்தில் போட்டாள். யார் யார் வீட்டிலோ படுத்திருந்தவர்களுக்காக அது போய்க்கொண்டே இருந்தது.

பிறகுதான் பெரிய கம்பெனி ஒன்று அதே அங்கியைப் போட்டது. அதே நிறம், அதே கழுத்து, விலை மட்டும் குறைவு. சின்னவள் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். இடது தோளைத் தைத்து மூடியிருந்தார்கள்.

அந்த வாரமே கம்பெனிக்காரர் ஒருவர் கெட்டித்தாளில் அச்சடித்த ஒப்பந்தத்தோடு வந்தார். வடிவம் இனி கம்பெனிக்குச் சொந்தம், இவர்கள் கடையை மூடிவிட வேண்டும், சின்னவளுக்கு மாதச் சம்பளத்தில் தையல் வேலை.

"ஒரு தோளை ஏன் சார் மூடிட்டீங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"முக்காவாசிப் பேருக்கு ஒரு பக்கம் திறந்தாப் போதும்மா. நல்லா யோசிங்க. தளத்துல தள்ளுபடி வாரம் வருதே, அது முடிஞ்சதும் வர்றேன்," என்று சொல்லி ஒப்பந்தத்தை வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் மேஜர் மேசையைக் காலி செய்யச் சொன்னார்.

முதலில் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். "போர்முனையில கம்பியில்லாக் கருவி செத்துப்போகும், அதிகாரி எங்க இருக்கார்னே தெரியாது. அப்ப சிப்பாய் யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. நோக்கம்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்திருப்போம். அதைப் பார்த்து அவனே முடிவு பண்ணணும். இங்கயும் அப்படித்தான்." தாளில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'தள்ளுபடி வாரத்தில் எதிரியை முந்த வேண்டும்.'

பிறகு ஒத்திகை. எதிரியாக நடிக்க ஒருவர் வேண்டும் என்றதும் மாப்பிள்ளை இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் கம்பெனி முதலாளி பேசறேன். உங்க துணிக்காரர்கிட்ட இருக்கிற பருத்தியை ஒரு முழம் விடாம நானே வாங்கிடுவேன்."

"அடப்பாவி!" என்றாள் சின்னவள்.

மேஜர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே போய்ப் பருத்தியை வாங்கிப் போட்டார். மாப்பிள்ளை ஒத்திகையில் கூரியரை மடக்கினார், மேஜர் வேறு கூரியர் பிடித்தார். மாப்பிள்ளை மின்சாரத்தை நிறுத்தினார், மேஜர் காலால் மிதிக்கும் பழைய தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டார். தைத்ததெல்லாம் தள்ளுபடி வாரத்துக்காகப் பெட்டிகளில் ஏறியது. பெட்டிகள் கூரையைத் தொட்டன.

தள்ளுபடி தொடங்கிய அன்று காலை கைப்பேசி நிற்காமல் கூவியது. மாப்பிள்ளை ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு சல்யூட் அடித்தார். மதியம் சட்டென்று அடங்கிவிட்டது. சின்னவள் எடுத்துப் பார்த்தாள். திரையில் அவர்கள் கடைப் பக்கத்தையே காணோம். தளத்திலிருந்து ஒரு செய்தி மட்டும் இருந்தது: இந்த வடிவம் தங்களுடையது என்று வேறொரு நிறுவனம் புகார் கொடுத்திருக்கிறது, விசாரணை முடியும்வரை உங்கள் கடை நிறுத்தப்படுகிறது.

"எதிரியா உட்கார்ந்து பார்த்தும் இவ்வளவு கெட்ட புத்தி எனக்கு வரலையே அண்ணி," என்று மாப்பிள்ளை பெட்டிகளின் நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை மேஜர் எல்லோரையும் மேசைக்கு அழைத்தார். காரியம் முடிந்ததும் கூடி உட்கார்ந்து பேசுவது பட்டாளத்தில் அவர் விடாமல் கடைப்பிடித்த வழக்கம். அந்த இடத்தில் பெரியவர் சின்னவர் கிடையாது. பதவியைச் செருப்போடு வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும். யார் தப்பையும் யாரும் சொல்லலாம். பேசுமுன் வழக்கம்போல ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டார்.

"நானே ஆரம்பிக்கிறேன். இந்தத் திட்டம் தோத்துப்போச்சு. ஒழுங்காப் பின்வாங்குறதும் போர்முறைதான். கையெழுத்துப் போட்டுடு சின்னவளே. மரியாதையா வெளியே வந்துடலாம்."

சின்னவள் நகத்தால் மேசையைக் கீறிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். தள்ளுபடிக்கு முந்தின நாள் ஒரு நர்ஸ் போன் பண்ணாங்க. ரெண்டு கையிலயும் தீக்காயம், முழுசாக் கட்டுப் போட்ட ஒரு ஆளு. தளத்துல வாங்குனா வந்து சேர நாளாகும், இப்பவே ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டாங்க." அவர் சுவரைக் காட்டினார். "நான் அந்த வரியைப் பார்த்தேன். எதிரியை முந்தணும்னு இருந்தது. இருக்கிறதெல்லாம் தள்ளுபடிக்கு வெச்சது, வாரக் கடைசியில பார்க்கலாம்னு சொல்லிட்டேன்."

சின்னவள் எழுந்து நின்றாள். "இல்லைன்னு சொன்னீங்களா? இந்த வீட்டுல இருந்தா?"

"அவரைத் திட்டாதே," என்றார் மேஜர். அவர் குரல் இறங்கியிருந்தது. "வரியில என்ன இருந்ததோ அதைத்தான் செஞ்சார். வரி என்னோடது."

"அப்போ உன்னைத்தான் கேட்கிறேன் அக்கா. அப்பாவுக்கு முதல் அங்கி தைச்சப்போ நான் யாரை முந்தினேன்?"

சின்னவள் சுவரிலிருந்த தாளைப் பிய்த்து எறிந்தாள். துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியை எடுத்துச் சுவரிலேயே எழுதினாள்: 'படுத்திருப்பவருக்கு வலிக்கக் கூடாது. இரண்டு தோளும் திறக்க வேண்டும்.'

"இதுதான் நோக்கம். கையெழுத்து நான் போட மாட்டேன். தளத்துல இடம் கொடுக்கலைன்னா தெருமுனையில மிஷினைப் போட்டு உட்கார்ந்து தைப்பேன். அவங்க புகார் கொடுக்கட்டும், பக்கத்தை மூடட்டும், என்ன வேணா பண்ணட்டும். ஒரு தோளை மூடித் தைக்கிற வேலை மட்டும் இந்தக் கைக்கு வராது."

மேஜர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார். முதுகை நிமிர்த்தி, "உத்தரவு," என்றார்.

"அண்ணி பட்டாளத்துல கூட யாருக்கும் இப்படி விறைப்பா நின்னு நான் பார்த்ததில்ல," என்றார் மாப்பிள்ளை.

"நீங்க பட்டாளத்தையே பார்த்ததில்ல மாப்பிள்ளை. அந்த நர்ஸ் நம்பரைக் கொடுங்க."

அடுத்த பஸ்ஸில் மேஜர் மருத்துவமனைக்குப் போனார். நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்து, "வாரக் கடைசின்னு சொன்னீங்களே?" என்றாள்.

"சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் நேர்ல வந்தேன். இதையும் கொடுக்க."

கட்டிலில் இருந்தவர் ஒரு வெல்டர். தோளிலிருந்து விரல் வரை இரண்டு கையும் வெள்ளைக் கட்டு. உடம்பின் மேல் ஒரு போர்வை மட்டும். நர்ஸும் மேஜரும் அங்கியை விரித்து, கட்டுகளைத் தொடாமல் இரு தோளிலும் ஒட்டினார்கள். வெல்டர் தன் மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"இனிமே எம் பொண்ணை உள்ளே வரச் சொல்லலாம்," என்றார்.

நர்ஸ் பணம் எடுத்தபோது மேஜர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். நர்ஸ் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அங்கியைக் கைப்பேசியில் படம் பிடித்து, மாப்பிள்ளையின் எண்ணோடு தெரிந்த நர்ஸ்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

அதன்பின் அந்த வீட்டில் யாரும் யாருடைய கட்டளைக்கும் காத்திருக்கவில்லை. மாப்பிள்ளை பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஒருவர் தன் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டும் என்றார். ஒரு வார்டிலிருந்து ஒன்று, இன்னொரு வார்டிலிருந்து இரண்டு என்று கேட்டு வந்தன. புகாருக்கு மேஜர் பதில் எழுதிப் போட்டார். விசாரணை அதன் பாட்டுக்கு ஊர்ந்தது. தள்ளுபடியின் வேகம் இதில் இல்லை. ஆனாலும் கூரையைத் தொட்ட பெட்டிகள் ஜன்னல் உயரத்துக்கு இறங்கியிருந்தன. கடவுள் சத்தம் போடாமல் வேலை செய்கிறார் என்று மேஜர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சொன்னபடி கம்பெனிக்காரர் வந்தார். மேசையைப் பார்த்து, "என்ன விளையாட்டு இது?" என்று கேட்டார்.

"விளையாட்டு இல்ல சார். அந்த இஸ்திரிப் பெட்டி நீங்கதான்," என்றார் மாப்பிள்ளை.

கம்பெனிக்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அம்மா, நாங்க ஒரு வார்த்தை சொன்னா உங்க பக்கம் இன்னைக்கே திறந்துடும். சம்பளமும் கூட்டித் தரச் சொல்லியிருக்காங்க."

"ரெண்டு தோளும் திறக்குமா?"

"அதை மட்டும் கேட்காதீங்க."

"நான் அதை மட்டும்தான் கேட்கிறேன்."

"சரி, ஒப்பந்தத்தையாவது கொடுங்க. கையெழுத்து ஆகாட்டி திருப்பிக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க."

சின்னவள் மிஷின் பக்கத்திலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது.

"நல்ல கெட்டித்தாள் சார். குழந்தை அங்கிக்குக் கழுத்து அளவு வெட்டி எடுத்துக்கிட்டேன். மீதி இருக்கு."

கம்பெனிக்காரர் அந்த ஓட்டை வழியாகத் தன் கையைப் பார்த்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்தார். வாசல் வரை போனவர் சுவரில் எழுதியிருந்ததைப் படித்தார். செருப்பை மாட்டிய பிறகும் நகரவில்லை.

"பெரிய அளவுல ஒண்ணு இருக்குமா?" என்றார். "எங்க அம்மாவுக்கு. எங்க கம்பெனியோடதுதான் போட்டுவிட்டுப் பார்த்தோம்..."

வாக்கியம் முடியவில்லை. மேஜர் சுவரைப் பார்த்தார். எதிரியின் அம்மாவுக்குக் கிடையாது என்று அந்த வரியில் எங்கும் இல்லை. அவர் திரும்புவதற்குள் மாப்பிள்ளை பெட்டியைப் பிரித்துவிட்டிருந்தார்.

"எந்தக் கை வராது?" என்று கேட்டாள் சின்னவள்.

"இடது."

அவள் அங்கியை விரித்து, இடது தோளை ஒருமுறை பிரித்து ஒட்டிக் காட்டி, மடித்துக் கொடுத்தாள். "படுக்க வெச்சே மாட்டுங்க. தூக்காதீங்க. கையெழுத்துக்கு மட்டும் மறுபடி வராதீங்க, நாளைக்கும் கிடைக்காது."

அவர் தலையாட்டினார். படியிறங்கும்போது அங்கியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு மாப்பிள்ளை மேசைக்கு வந்தார். "அண்ணி, சாயங்காலம் போற அங்கியெல்லாம் தேய்க்கணும். எதிரியைக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கங்க," என்றார் மேஜர். "வேலை முடிஞ்சதும் அதே இடத்துல வெச்சிடணும்."