பங்கேற்பாளர் எண் ஏழு

வைதேஹிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஜனக்புரியில் பிறந்து வளர்ந்தவள். தமிழர்கள் எல்லோரும் பேசுவது ஒரே தமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்காரி, தொடர்பியல் முதுகலை படிக்க டெல்லிக்கு வந்து விடுதியில் கிடந்தவள். வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த வருடம் எங்கள் மேடத்திடம் பிஎச்.டி.க்கு இருந்த இடம் ஒன்றே ஒன்று. எங்கள் நட்பைப் பற்றி இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அவளுடைய ஆய்வு, வீட்டுக்குள் கணவனும் மனைவியும் கைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது. கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் பன்னிரண்டு தமிழ்ப் பெண்களைப் பேட்டி எடுக்க வேண்டும். பேசியதை அப்படியே எழுத்தில் இறக்க வேண்டும், இருமினால் இருமல், இழுத்தால் இழுவை, ஒரு எழுத்து மாறக்கூடாது. இது மேடத்தின் சட்டம்.

"மது, நீ டைப் பண்ணிக் குடேன் ப்ளீஸ். என்னால தமிழ்ல ஒரு லைன்கூட எழுத முடியாது. உன் பேரை நன்றியில போட்டுடறேன்" என்றாள் வைதேஹி.

நன்றியில் என் பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். மேடத்தின் மேஜைக்குப் போகப்போவது என் கை வேலை, அது போதும் என்று நினைத்தேன்.

ஏழாவது வீடு ராஜாத்தியக்காவுடையது, நானும் கூடப் போயிருந்தேன். கணவர் ஜெயசீலன் ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஒரே மகள் அகல்யா, பத்தாம் வகுப்பு. வைதேஹி கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த அம்மாள் "ஆமா", "இல்ல" என்று இரண்டு வார்த்தைக்கு மேல் வாய் திறக்கவில்லை. வைதேஹி என்னைப் பாவமாகப் பார்த்தாள். அந்த "இல்ல"வின் இழுப்பு எனக்குப் பழக்கமானது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, நீங்க எனக்க ஊரு பக்கமா?" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கப் போவதில்லை. ஊர் கருங்கலாம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் உப்பேரி வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் நிறுத்தவே இல்லை.

"அவிய எனக்க கூட பேசி ஒம்பது வருசம் ஆவுது மக்ளே. ஒரு நாளு அவியளுக்க ஆபீசர் வீட்டுக்கு வந்தாரு. இவிய ஏதோ தப்பாட்டு சொன்னாவ, நான் எடையில திருத்திச் சொல்லிட்டேன். அன்னைக்கு நிறுத்தினது. இப்ப எல்லாம் மிஸ்டு காலு. அந்த ரூம்ல இருந்துகிட்டு ஒண்ணு அடிச்சா சாயா. ரெண்டு அடிச்சா சாப்பாடு. மூணு அடிச்சா ஆளு வருதுன்னு அர்த்தம், நான் நைட்டிய மாத்தி சாரி உடுக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "இது வெளிய தெரியாதுல்லா?" என்று வைதேஹியைக் கேட்காமல் என்னைக் கேட்டாள்.

"தெரியாது அக்கா" என்றேன்.

மேடம் துள்ளிக் குதிக்காத குறை. பன்னிரண்டில் பதினொன்றை ஒதுக்கிவிட்டு எண் ஏழை மட்டும் வைத்தே ஒரு அத்தியாயம் எழுதச் சொன்னார். வைதேஹிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிஎச்.டி. இடம் அவள் பக்கம் சாய்வது எனக்குப் பச்சையாகத் தெரிந்தது.

பெயர்களை மறைக்கும் வேலையை அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். ராஜாத்தி சாந்தா ஆனாள். கருங்கல் மதுரை ஆனது. அமைச்சகம் வங்கி ஆனது, மகள் மகனானாள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, "எனக்க வீடு", "அவிய சொன்னாவ" என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். மதுரைக்காரி ஒருத்தி ஏழு ஜென்மம் எடுத்தாலும் அப்படிப் பேச மாட்டாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"இவ்ளோ போதும்ல மது? யாருக்கும் தெரியாதுல்ல?" என்றாள்.

"போதும்" என்றேன்.

என்றைக்காவது இது வெளியே வந்தால் மாட்டப்போவது வைதேஹி என்று கணக்குப் போட்டேன். ராஜாத்தியக்காவை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். ஒன்பது வருடம் சமாளித்தவள் இதையும் சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு எழுத்து வடிவத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை மட்டும் தனித்தனியே அனுப்ப வேண்டும். வைதேஹிக்கு அவசரம். பன்னிரண்டு பேரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தாள். அதில் மொத்தக் கோப்பையும் போட்டுவிட்டாள்.

கிட்வாய் நகரில் ஒவ்வொரு வீடும் ஒரு ஜில்லா. தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி என்று கதவைத் தட்டினாலே தெரிந்துவிடும். கன்னியாகுமரி வீடு அங்கே ஒன்றுதான். பத்து நிமிடத்தில் இந்திராணி மாமி எழுதினாள்: "ஏழாம் நம்பர் 'எனக்க எனக்க'ன்னு பேசறாளே, யாருன்னு கண்டுபிடிங்கோ பார்ப்போம்." பக்கத்தில் மூன்று சிரிப்பு முகங்கள். ராஜாத்தியக்கா ஒன்றும் எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினாள். அதுவே பதிலாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அமைச்சகத்து லிஃப்டில் ஜெயசீலனைப் பார்த்து யாரோ, "மூணு அடிச்சா சாரியா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ராஜாத்தியக்கா எங்கள் துறைக்கே வந்துவிட்டாள். தனியாக மெட்ரோ ஏறி, கேட்டில் காவலாளியிடம் அரைகுறை ஹிந்தியில் மன்றாடி உள்ளே வந்திருக்கிறாள். தேடி வந்தது என்னை. கேன்டீனில் உட்கார்ந்தோம். அவள் டீயைத் தொடவில்லை.

"அவிய எனக்க கூட பேசிட்டாவ மக்ளே. ஒம்பது வருசம் கழிச்சு. 'இது நீதானா'ன்னு கேட்டாவ. நான் இல்லன்னேன். 'அப்ப காலேஜில இருந்து எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா நீ ஊருக்குப் போ, பிள்ள இஞ்ச நிக்கட்டும்'னாவ. ஞாயித்துக்கிழம வண்டிக்கு டிக்கெட்டும் போட்டாச்சு."

"நான் என்னக்கா எழுத முடியும்?"

அவள் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவளுக்கு யோசிக்க நேரம் இருந்திருக்கும்.

"அத டைப் அடிச்சது நீதானே. நீயும் எங்க ஊருதானே. அந்தப் பொம்பள மதுரக்காரிதான், நீ எழுதும்போ ஒனக்க பேச்சு அதுல கலந்து போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடு. அவிய நம்பிடுவாவ. நம்பணும்னுதான் கேக்காவ."

எவ்வளவு சுலபமான வழி. அது எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை எழுதினால், பேட்டியை நான் திரித்து எழுதினேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தரவைத் திரித்தவளுக்கு எந்தத் துறையிலும் இடம் கிடையாது. மறுநாள்தான் நேர்முகத் தேர்வு. கோப்பைக் குழுவில் போட்டதற்காக வைதேஹி மீது ஏற்கெனவே புகார் போய், அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி இருந்தது நான் மட்டும்.

"அது பொய்யாகிவிடும் அக்கா. எனக்கு சீட் கிடைக்காது" என்றேன். வாயில் வந்தது வானொலிச் செய்தித் தமிழ்.

அவள் திட்டவில்லை, அழவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். உப்பேரி. எனக்குக் கொடுக்கவென்று கொண்டுவந்திருந்தாள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போக அவளுக்கு மனசு வரவில்லை. வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நேர்முகத்தில் நான்கு பேர் இருந்தார்கள். எண் ஏழின் எழுத்து வடிவத்தை மேடம் கையில் வைத்திருந்தார். "இது முழுக்க இவள் செய்தது" என்று மற்றவர்களிடம் சொன்னார். ஒருவர், "நம்பலாமா? ஏதாவது மாற்றினாயா?" என்று கேட்டார்.

"ஒரு எழுத்துகூட மாற்றவில்லை" என்றேன்.

தலையாட்டினார்கள். பங்கேற்றவருக்கு ஏற்பட்ட பாதிப்பு பற்றிக் கேட்டபோது, கோப்பைக் குழுவில் போட்டது வைதேஹி என்றேன். அதுவும் உண்மைதான். நான் அங்கே சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. வெளியே வந்ததும் எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் இடம் கிடைத்தது என்று மெயில் வந்தபோது சந்தோஷத்தில் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

திங்கட்கிழமை காலையில் ராஜாத்தியக்காவைக் கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மன்னிப்பு கேட்கத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தாள். பின்னால் ரயில் சத்தம். நாக்பூர் தாண்டிவிட்டதாம். மகள் ஸ்டேஷனுக்கு வரவில்லையாம், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்று அப்பா விடவில்லை.

"ஒனக்கு சீட்டு கிடைச்சுதா?" என்று அவளே கேட்டாள்.

"கிடைச்சுதுக்கா."

"எத்தன வருசப் படிப்பு?"

"அஞ்சு வருசம்."

அவள் ஏதோ எண்ணுவது போல இருந்தது.

"அதுக்குப் பொறவு நீ அந்த ஒரு வரிய எழுதித் தந்தாலும், அப்ப எனக்க பிள்ளைக்கு இருவது வயசு ஆயிரும்" என்றாள்.