பட்டறைக் கை

...அதேதானா, டாக்டர் சொன்ன பேர் அதேதானா, பாலி எத்திலீன் கிளைக்கால், நம் சாயப்பட்டறையில் நீல டிரம்மில் வந்து இறங்குமே, பனியன் துணி மெத்தென்று இருக்கக் கடைசித் தொட்டியில் நானே ஊற்றுவேனே, அதைப் போய் என் மகளுக்கு ஊசியிலா... கிருத்திகா கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள், ஏழு வயசு, ரத்தப் புற்றுநோய், தலையில் ஒரு முடி இல்லை. போன தடவை இதே மருந்தை வெறுமனே போட்டார்களே, உதடெல்லாம் வீங்கி மூச்சுக்குத் தவித்தாளே... மருந்து ஒரு புரதமாம், உடம்பு அதை வேற்றாள் என்று கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகிறதாம், அதனால் அதன்மேல் இந்தக் கிளைக்காலை ஒட்டி மறைத்திருக்கிறார்களாம், உடம்புக்கு ஆள் தெரியாதாம், ரத்தத்தில் நாள்கணக்காகத் தங்குமாம். இருக்கட்டும், ஆனால் அந்த டிரம்? ஏனுங்க டாக்டர், அது துணிக்குப் போடறதுங்களே என்று உளறியேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கலக்கியது. பேர் ஒன்றுதான், இது மருந்துக்கென்றே சுத்தமாகச் செய்தது என்றார். சுத்தமாகச் செய்தால் வேறாகிவிடுமா? வேண்டாமென்று சொல்லலாமா? சொன்னால் நோய் திரும்பி வருமே, அப்போது யாரிடம் போய் முட்டிக்கொள்வேன்?

கஞ்சி வாங்கப் போயிருந்த அமராவதி வந்துவிட்டாள், அவளுக்கு இது எதுவும் தெரியாது. பட்டறைக் கையோடு பிள்ளையைத் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம், குழந்தை பிறந்த நாளிலிருந்து, வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டால்தான் உள்ளே விடுவாள், இவ ஒருத்தி என்று முனகிக்கொண்டே தேய்ப்பேன்... அவளிடம் எந்த வாயால் சொல்வது?

“என்னங்க, போடச் சொல்லட்டுங்களா?”

“போடட்டும்.”

என் குரல்தானா அது? நர்ஸ் ஊசியை எடுக்கிறாள். அப்பா, கையப் புடிச்சுக்கங்க என்கிறாள் கிருத்திகா. இரு கண்ணு, வந்தர்றேன்... மூலைக் குழாயைத் திறந்து முழங்கை வரை சோப்பு, தேய்க்கிறேன், தேய்க்கிறேன், பட்டறைப் பக்கம் போயே ஒரு வாரத்துக்கு மேலாகிறதே, கையில் என்ன இருக்கிறது என்று இப்படித் தேய்க்கிறேன்... ஆச்சுங்க, இனி முகம் வீங்குதான்னு பாத்துட்டே இருக்கோணுங்க என்கிறாள் நர்ஸ். திரும்பினேன். கிருத்திகா அவள் அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறாள், பிள்ளை முகத்தில் வீக்கம் ஒன்றுமில்லை, இதுவரை ஒன்றுமில்லை, நான் கழுவிக் கழுவி அவளிடமிருந்து தள்ளி வைத்தது இப்போது அவளுக்குள்ளே ஓடுகிறது, அதுதான் அவளைக் காப்பாற்ற வேண்டும், என் கையில் இன்னும் நுரை வடிந்துகொண்டிருக்கிறது.