சனிக்கிழமைச் சட்டை

சந்து முனையில் பெட்டி திரும்ப மறுத்தது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். சுவரில் உரசி ஒரு மூலையில் கறுப்புத் துணி கிழிந்துவிட்டது.

"நட்டக்குத்தாத் தூக்குங்கப்பா" என்றான் பின்னாலிருந்த கெம்பையன். "எத்தன பீரோவ இந்தச் சந்துல திருப்பியிருப்பான் பர்னபாஸ்! அவனுக்குன்னு வந்த பெட்டிக்கு நமக்குக் கை வரல பாரு."

ஒருவன் சிரித்துவிட்டு, சட்டென்று சிரிப்பை விழுங்கினான். நால்வரும் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். நேற்று சாயங்காலம் வரை பர்னபாஸும் அவர்களோடுதான் வாழைத்தார் சுமந்தார். ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர், விடியும் முன்பே போய்விட்டார்.

வாசலில் நின்றிருந்த மகன் தேவநேசனைக் கெம்பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏனுங்க சாமி, வேடிக்க பாக்காம ஒரு மூலையப் புடிக்கறீங்களா?"

தோளில் போட்டு வளர்த்த பிள்ளையை இவன் ஏன் சாமி என்கிறான் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஏதோ கேலி என்று விட்டுவிட்டார்கள். தேவநேசனுக்குப் புரிந்தது. வந்து மூலையைப் பிடித்தான்.

உள்ளே, பாயில் கிடத்தியிருந்தவரைப் பெட்டிக்கு மாற்றினார்கள். அம்மா அவருக்கு வெளுத்த வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். பாஸ்டர் ஐயா பைபிளை மடியில் வைத்தபடி நேரம் கேட்டார்.

"நாலு மணிக்கு வெச்சுக்கலாங்க ஐயா" என்றாள் அம்மா. "ஹில்டாவுக்குத் தந்தி போயிருக்கு. மூணு மணி ரயிலுக்கு வந்துருவா."

ஹில்டா கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவின் செல்ல மகள்.

"பன்னெண்டுக்கே எடுத்துடலாம்" என்றான் தேவநேசன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா?"

"வெயிலப் பாரும்மா. தாங்காது."

"அவ ஒரு தடவ அப்பா மொகத்தப் பாக்க வேணாமா?"

"ரயில் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? நேரா கல்லறைக்கு வரட்டும்."

சொல்லும்போது அவன் பார்வை தரையில் இருந்தது. ஆனாலும் ஒரே ஆண்பிள்ளை, படித்தவன். பாஸ்டர் தலையசைத்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வெயில் ஒரு காரணமே இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. காரணம் அதுதான்.

தேவநேசன் படித்துவந்த சித்திரப் பள்ளியில், சனிக்கிழமை காலை முழுதும் வெளியே போய் வரைய வேண்டும். ரப்பர் கூடாது. திங்கட்கிழமை மேஜையில் ஸ்கெட்ச் நோட்டை விரித்து வைக்க வேண்டும். "செலைய எவன் வேணா வரைவான். அசையற மனுஷன வரைங்கடா" என்பார் டிராயிங் மாஸ்டர். நாடு குடியரசான அந்த வருஷம் ஜூலையில், முதல் சனிக்கிழமையே அவர் பையன்களை அழைத்துக்கொண்டு போன இடம் தேவராஜ மார்க்கெட்.

அப்பாவுக்கு மண்டியில் கணக்கு எழுதும் வேலை என்று பள்ளியில் சொல்லிவைத்திருந்தான் தேவநேசன். வேறெங்காவது போகலாம் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. வாழைப்பழக் கடை வரிசையில் மாஸ்டரின் கண்ணில் முதலில் பட்டது பர்னபாஸ்தான். "அந்த ஆள் நிக்கறதப் பாருங்க. பாரம் எந்தக் கால்ல எறங்குதுன்னு பாருங்க" என்றார்.

தாரோடு திரும்பிய பர்னபாஸ் மகனைக் கண்டார். முகமெல்லாம் மலர்ந்தது. "டேய்..." என்று ஆரம்பித்தார். தேவநேசன் நோட்டுக்குள் குனிந்துகொண்டான்.

எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது. நிமிர்ந்தபோது அப்பா அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு தெருவில் போகிற எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளையிடமும் பேசுகிற மாதிரி, கன்னடத்தில் சொன்னார்: "நீவு ஹேள்தங்கே நில்தீனி, ஸ்வாமி." நீங்கள் சொல்கிறபடி நிற்கிறேன் சாமி என்று.

பையன்களுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பக்கத்தில் கெம்பையன் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றான்.

அன்று ராத்திரி தட்டுக்கு முன் உட்கார்ந்தபோது அப்பா ஏதாவது சொல்வார் என்று தேவநேசன் காத்திருந்தான். திட்டினால்கூடத் தேவலை. அவர் களியைப் பிட்டபடி, "கொழம்புல உப்பு போதுமாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் மார்க்கெட்டில் அவன் அவருக்கு சாமி, வீட்டில் மகன். அவன் வரைந்த அப்பாவுக்கு மட்டும் முகமே இருக்காது. "ஏன்டா இந்த ஆளுக்கு மட்டும் மூஞ்சி போட மாட்டேங்கற?" என்று மாஸ்டர் கேட்டபோது, வரவில்லை சார் என்றான்.

இன்று காலை பக்கத்து வீட்டு டீச்சர், அவனைக் கேட்காமலே பள்ளிக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். பையன்கள் மார்க்கெட்டில் வரைந்து முடித்துப் பள்ளிக்குத் திரும்ப ஒரு மணி ஆகும். அவர்கள் வந்து முகத்தைப் பார்க்குமுன் மூடி போட்டுவிட்டால் போதும்.

பன்னிரண்டு அடிக்கும் முன்பே பாஸ்டர் ஜெபத்தை முடித்தார். "மூடிடலாம்" என்று சொல்ல தேவநேசன் வாயெடுத்தபோது சந்தில் சைக்கிள் மணி கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து.

"மூடிடலாம்" என்றான், குரலை உயர்த்தி.

கெம்பையன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வளஞ்சிருக்குதுங்க சாமி" என்றான்.

"வேற ஆணி எடுங்களேன்!"

"எடுக்கலாம். என்ன அவசரம்?"

அதற்குள் கூடப் படிக்கும் முனிராஜ் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டான். பின்னால் மாதப்பன், இன்னும் மூன்று பேர். எல்லோர் கக்கத்திலும் ஸ்கெட்ச் நோட்டு. பள்ளியிலிருந்து மார்க்கெட்டுக்கே ஆள் போய்ச் சொல்லியிருக்கிறான்; நேரே அங்கிருந்து வந்திருக்கிறார்கள். முனிராஜ் தேவநேசனின் தோளைத் தொட்டுவிட்டுப் பெட்டியருகே குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

மாதப்பன் எட்டிப் பார்த்து, "அய்யோ, இவரு..." என்று தொடங்கினான். முனிராஜ் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான்.

அம்மா எழுந்து வந்தாள். அழுதழுது வீங்கிய முகத்தில், விருந்தாளி வந்த வீட்டுக்காரியின் பரபரப்பு.

"நீங்கதானா அந்தப் பிள்ளைங்க? ஒங்களப் பத்திப் பேசாத சனிக்கிழம இல்ல. வெள்ளிக்கிழம ராத்திரியே சட்டய வெளுத்தாச்சான்னு கேப்பாரு. நேத்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கும்போதுகூட, பிள்ளைங்க வந்து தேடுமேன்னாரு. மூட்ட தூக்கறவனுக்கு எதுக்கு வெளுத்த சட்டன்னா, 'போடி, வரையறாங்கல்ல'ன்னு சிரிப்பாரு."

தேவநேசன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"மொத நாளே எங்கிட்டச் சொன்னாரு. அத்தன பேருக்கும் முன்னால நம்ம தேவு எங்கையப் புடிச்சு, 'இவருதான் எங்கப்பா'ன்னான்டின்னு. அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல மனுஷன்." அம்மா முனிராஜின் கையைப் பற்றினாள். "நீயும் இருந்தியாப்பா, அவன் சொன்னப்ப?"

கெம்பையன் ஆணியைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தான்.

முனிராஜுக்குத் தமிழ் அரைகுறை. வார்த்தை தேடுகிறவன்போல உதட்டை நனைத்துக்கொண்டான். தேவநேசன் பக்கம் திரும்பவில்லை.

"ஹௌதும்மா" என்றான். "இருந்தேன். மொதல் நாளே சொன்னான்."

அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கெம்பையனைப் பார்த்துத் தலையாட்டினாள். மூடலாம் என்று அர்த்தம். அவன் மூடியைத் தூக்கினான்.

"வேணாம்" என்றான் தேவநேசன்.

பாஸ்டர் நிமிர்ந்தார். தேவநேசன் வந்து மூடியின் மறுமுனையைப் பிடித்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தான்.

"ஹில்டா வரட்டும்."

"வெயிலுன்னியே தம்பி" என்றார் பாஸ்டர்.

"வரட்டும் ஐயா."

அப்பாவின் முகத்தை மூடாமலே வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நண்பர்கள் போகவில்லை. போயிருந்தால் தேவலை என்று தேவநேசனுக்கு இருந்தது. ஒருவரும் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மார்க்கெட் பூக்காரிகள் ஒரு கூடை செவந்தி கொடுத்தனுப்பினார்கள். அதை உள்ளே வைக்க இடமில்லாமல் வாசற்படியில் வைத்தார்கள்.

ரயில் நேரத்துக்கே வந்தது. ஜட்கா வண்டி நின்றதும் நிற்காததுமாகக் குதித்து ஓடிவந்தாள் ஹில்டா. நெடுநேரம் அப்பாவின் முகத்தில் முகம் வைத்து அழுதாள். ஓய்ந்தபின், "எனக்காகவா இவ்ளோ நேரம் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தம்பிதான்டி" என்றாள் அம்மா. "ஐயாவே மூடச் சொல்லிட்டாரு. அக்கா வராம மூடக் கூடாதுன்னு இவன்தான் நின்னான்."

பாஸ்டர் பைபிளைப் புரட்டினார். கெம்பையன் கூரையைப் பார்த்தான். ஹில்டா தம்பியின் வலக்கையை இழுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். விடவில்லை. ஈரம் விரலிடுக்கில் இறங்கியது.

தேவநேசன் வாசலைப் பார்த்தபடி நின்றான். ஜட்காக் குதிரை கழுத்தை நீட்டி, படியிலிருந்த கூடைக்குள் மூக்கை நுழைத்து, செவந்திப் பூவை வாய் நிறைய எடுத்து நிதானமாக மெல்லத் தொடங்கியது.