மேல்வயல் சுவர்

பொழுது விடியுமுன்பே கலாதேயின் முதுகு எரிந்தது. ஆற்றிலிருந்து மலைமுகடு வரை கல் சுமக்கும் வேலை. கொன்சோ மலையில் கல்சுவர்கள் தாங்கி நிற்கும் அடுக்கு வயல்களை இப்போது உலகமே பாதுகாக்கிறதாம்! பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் தங்க விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. மழை பொய்த்த ஊரில் இந்தக் கூலிதான் பிள்ளைகளுக்குச் சோள உருண்டையும் முருங்கைக்கீரையும்.

ஒப்பந்தக்காரர் டெரேஜே ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"இனி ஆத்துக்குப் போக வேணாம். மேல்வயல் சுவரைப் பிரிச்சு எடுங்க. தூரம் கொறைஞ்சிருச்சு, கூலியும் பாதிதான்."

அவளோடு கல் சுமந்த குராஷோ தலைச்சுமையைத் தொப்பென்று போட்டான். "எந்தச் சுவரைப் பாக்க வர்றாங்களோ, அதையே இடிச்சு அவங்களுக்கு ரூமா? நல்ல கூத்துய்யா!"

"மலை பூரா சுவருதான். நாலு கல்லு போனா யாருக்குடா தெரியும்?"

"மழைக்குத் தெரியும். மேல்சுவரு போனா கீழ இருக்கிற மண்ணு மொத்தமும் ஆத்துக்குப் போயிரும்."

"முடியாதுன்னா கெளம்பு. இதுவரைக்கும் செஞ்ச வேலைக்கும் கூலி கெடையாது."

யாரும் அசையவில்லை. பாவி வயிறு கேட்கிறதா? கலாதேதான் போய் முதல் கல்லை உருவினாள். அந்தச் சுவருக்கு நேர் கீழே இருந்தது அவளுடைய வயல்தான். மேலிருந்த கற்கள் சரிந்தன; உருவிய பொந்திலிருந்து மண் பொலபொலவென்று அவள் பாதத்தில் கொட்டியது. தலைமுறை தலைமுறையாகக் கூடையில் சுமந்து நிரப்பிய மண்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன் அண்ணே!"

குராஷோ திட்டவில்லை. "எனக்கும் பசிதான் தங்கச்சி" என்றான்.

கொன்சோவில் சுவர் சரிந்தால் பார்த்தவர் குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். இடித்தவளே கூப்பிடலாமா? வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் தொண்டை கிழியக் கத்தினாள்.

"சுவரு சரிஞ்சிருச்சு! வாங்க, சுவரு சரிஞ்சிருச்சு!"

கல் சுமந்தவர்கள் ஓடிவந்தார்கள். கீழ்வயல்களிலிருந்து ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு ஏறிவந்தார்கள். விடுதியின் காவல்காரனும் தடியை எறிந்துவிட்டு மண்ணை அள்ளினான். அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

டெரேஜே போலீசுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் தொலைவில் போலீஸ் வண்டியின் புழுதி கிளம்பியது.

"நாளைக்குச் சோத்துக்கு என்னடி பண்ணுவ?" என்று கலாதேயைப் பார்த்துக் கத்தினார்.

கலாதே சரிந்த கல்லை எடுத்துப் பழைய இடத்திலேயே அடுக்கினாள்.

"தெரியல. பேசின கூலிய முழுசா வாங்காம இவ்வளவு பேரும் இந்தச் சுவர விட்டு எறங்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கல்லுக்காகக் கை நீட்டினாள். பல கைகள் கல்லோடு நீண்டன.