திட்டோடு போன திருத்தம்

பஸ் எப்போது வரும் என்று சொல்லும் அந்தச் செயலியை நாற்பது பேர் சேர்ந்து, யாரிடமும் சல்லிக்காசு வாங்காமல், நடத்திவந்தார்கள். சம்பளம் இல்லாத வேலையில் ரோஷத்துக்கு மட்டும் குறைவிருக்காது.

நாற்பதில் கடைக்குட்டி இவள். வீட்டில் முதல் பட்டதாரி. வாயும் முதல் வகுப்பு. அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். காலை ஆறு மணிக்குள் போய்ச்சேர இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வெள்ளிக்கிழமை வரப்போகும் புதுப் பதிப்போ, அம்மாவின் பழைய போனில் ஓடாது.

ஓடவைக்க இவள் எழுதிய திருத்தம் மூன்றாம் முறையும் திரும்பி வந்தது. எல்லாரும் எழுதும் நிரல்களைச் சரிபார்ப்பதால் 'வாத்தியார்' என்று பெயர் வாங்கியவர் ஒரே வரியில் காரணம் எழுதியிருந்தார்: "பழைய போன்காரர்கள் பஸ் ஸ்டாப்பில் விசாரித்துக்கொள்ளட்டும்."

இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. திருத்தத்தை மறுபடி அனுப்பும்போது, என்ன மாற்றினோம் என்று கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்த இடத்தில், மனசு ஆறட்டும் என்று இதைத் தட்டினாள்: "பஸ் ஸ்டாப்பில் விசாரிக்கச் சொன்னதால் இந்தத் திருத்தம். சொன்ன மகராசன் பஸ் ஏறி இருபது வருஷம் இருக்கும், மண்டைக்குள்ளும் ஏசி." அழித்துவிட்டு அனுப்புவதாகத்தான் உத்தேசம். விரல் முந்திக்கொண்டது.

பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் நடத்தை விதிகளை எடுத்து ஒட்டினார்கள். குழுவின் பஞ்சாயத்துகளைப் பார்க்கும் அக்கா, இருவரையும் ஒரே அழைப்பில் பிடித்துப்போட்டாள்.

"நீங்க சொன்னது தப்பு சார். நீ சொன்னதும் தப்புடி. ரெண்டும் சமம்னு நான் சொல்லலை. இப்ப பஸ்ஸைப் பத்தி மட்டும் பேசுங்க."

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

"உன் திருத்தத்துல பதினாலாவது வரியைப் பாரும்மா. பழைய போன்ல நாள் மாறாது. திங்கட்கிழமை காலைல ஞாயித்துக்கிழமை நேரத்தைக் காட்டும். பஸ் போனப்புறம்தான் ஸ்டாப்புக்கே வருவாங்க."

பார்த்தாள். மனுஷன் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிந்தது.

"எங்கம்மா போன் சார் அது. முதல் தடவையே சொல்லியிருக்கலாம்ல?"

வாத்தியார் குரல் இறங்கியது.

"திட்டு வாங்கினப்புறம்தான் முழுசாப் படிச்சேன்."

அன்றே அந்த வரியைச் சரிசெய்து கொடுத்தாள். குறிப்பை என்ன செய்வது என்று அக்கா கேட்டதற்கு, "மண்டையை எடுத்துடுங்க. விசாரிக்கச் சொன்னது இருக்கட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்த பதிப்பின் குறிப்பில் அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே வாத்தியார் கையால் இன்னொரு வரி: "சொன்னது நான்."

திங்கட்கிழமை விடியுமுன்பே ஸ்டாப்பிலிருந்து அம்மா கூப்பிட்டாள். போன் நேரத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று இவள் கேட்டு முடிப்பதற்குள், "பஸ் வந்துடுச்சுடி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.