அழைப்பிதழில் ஒரு பி.ஏ.

சுகன்யாவின் அப்பா கண்ணுசாமி தொப்பம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, வெற்றிலை பாக்குத் தட்டோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். பின்னால் சுகன்யா. பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு, என் மாணவி.

அழைப்பிதழைப் பிரித்தேன். ‘சுகன்யா, பி.ஏ.’ என்று தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது. தேதியைப் பார்த்ததும் சுருக்கென்றது. கடைசிப் பரீட்சையும் அன்றைக்குத்தான்.

“அன்னைக்கு இவளுக்குப் பரிச்சையாச்சே?”

“ஜோசியர் குறிச்ச நாளுங்க டெய்சி டீச்சர். ஒரு பேப்பர்தானுங்களே, அப்புறமா எழுதிக்குவா. பி.ஏ.ன்னு போடச் சொன்னதே மாப்பிள்ளை வீட்டுலதானுங்க. நீங்க அவசியம் வரோணுங்க.”

அந்தப் பேப்பரை நடத்தியது நான். பழைய நாவல்களில் பெண்கல்வி. நூறு வருஷத்துக்கு முந்தைய கதாநாயகிகள் அடுப்படியில் ஒளித்துவைத்துப் படித்ததை நான் உருகி உருகிச் சொன்னபோது, சுகன்யாதான் எழுந்தாள்.

“அந்தக் கதையில அவளைப் படிக்க வைக்கறவங்களும், படிச்ச பொண்டாட்டி வேணும்னுதானுங்க மிஸ் படிக்க வைக்கறாங்க. உனக்கு என்ன வேணும்னு அவளை யாருமே கேக்கலீங்களே.”

“அது அந்தக் காலம்மா” என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

இப்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டெய்சி மிஸ் தனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று நம்பியிருக்கிறாள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் நமக்கென்ன என்று தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “ரொம்ப சந்தோஷம்” என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

பரீட்சையன்று அவள் இடம் காலி. ஹாலில் எனக்குத்தான் டியூட்டி. வராதவர் பட்டியலில் அவள் எண்ணை நானே எழுதினேன்.

சாயங்காலம் திண்டுக்கல்லில் மாப்பிள்ளை வீட்டு வரவேற்பு. மண்டப வாசலில் பேனரிலும் அந்த பி.ஏ. இருந்தது. மேடையேறிப் பரிசைக் கொடுத்ததும் சுகன்யா என் காதருகே குனிந்தாள்.

“மிஸ், நான் கிளாஸ்ல சொன்னேனுங்களே, அதைப் பத்திக் கேள்வி வந்துச்சுங்களா?”

“வந்துச்சும்மா. பத்து மார்க்.”

அவள் கண் நிறைந்துவிட்டது.

“மூணு பாயிண்ட் எழுதியிருப்பேனுங்க மிஸ். மொதல்ல, அவ படிப்பு அவ பேருக்குப் பின்னாடி நிக்குதே ஒழிய அவ கைக்கு வரலீங்க. ரெண்டாவது…”

“பொண்ணு, பேசாம இங்க பாருங்க” என்றார் போட்டோக்காரர்.

அவள் நிறுத்திவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் வரிசை நின்றதால் நான் இறங்கிவிட்டேன்.

விட்ட பேப்பரை எழுத நவம்பர் பரீட்சைக்கும் அவள் வரவில்லை. மீதி இரண்டு பாயிண்ட் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.